சிலையின் வயர்லெஸ் கார்டு

என் அக்கா பல் செய்பவள். டாக்டர் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சை மேஜையில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கும் வளைவுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு பல்லைச் செய்து கொடுப்பது அவள் வேலை. பதினாறு வருஷமாக ஒரே லேப், ஒரே நாற்காலி. ஊரில் எத்தனையோ பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள், அவர்களுக்கு அவளைத் தெரியாது. முன்பல்லின் நுனியில் லேசாக ஒரு நீலம் ஓடும், கவனித்திருக்கிறீர்களா? அந்த நீலத்தை மெல்லிய தூரிகையால் கொண்டுவர அந்த லேபில் அவள் ஒருத்திக்குத்தான் கை வரும்.

வயது முப்பத்தெட்டு. கோபமே வராது. அவள் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான்தான் வாங்கிக்கொண்டு பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். சாயங்காலம் லேபிலிருந்து வந்து முகம் கழுவி, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் ஆட்களைச் சுட ஆரம்பிப்பாள். இந்தப் பக்கம் ஐந்து பேர், எதிரே ஐந்து பேர். தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவது அக்காவின் பொறுப்பு. பகலெல்லாம் மயிரிழை அளவில் வேலை பார்க்கிற கை, மௌஸைப் பிடித்தால் மட்டும் குறி தப்பிவிடுமா என்ன?

அந்த அணிக்குக் கேப்டன் என்று ஒருவன் இருந்தான். அவனை ஆறு வருஷம் 'அத்தான்' என்று கூப்பிட்ட வாய் இது, சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. டைல்ஸ் ஷோரூமில் மேனேஜர். வருகிறவர்களிடம் வழுக்கும் கல்லை வழுக்காது என்று சத்தியம் செய்து விற்கிறவன். அக்காவும் அவனும் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கட்டில் அவனுக்கு, பீரோ இவளுக்கு என்று சண்டையில்லாமல்தான் பிரித்துக்கொண்டார்கள். கேமிங் லேப்டாப் மட்டும் ஆளுக்கு ஒன்று முன்பே இருந்தது, ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல். "உன்னோடத சர்வீஸ் பண்ணி, தூசியெல்லாம் எடுத்துக் குடுக்கறேன்" என்று ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தான். பிரிகிற நேரத்திலும் எவ்வளவு அக்கறை என்று நான்கூட அன்றைக்கு உருகினேன். புத்தி கெட்டவள் நான்.

குடும்பம் பிரிந்ததே தவிர டீம் பிரியவில்லை. அக்கா அளவுக்குச் சுட ஆள் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும். அக்கா முதலில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள், அங்கே சுவரிலேயே நெட் கேபிள் இருந்தது, எல்லாம் ஒழுங்காக நடந்தது. போன வருஷம் என்னோடு வந்து சேர்ந்தாள். எங்கள் வீடு மாடியில். நெட் பெட்டி கீழே வீட்டுக்காரர் ஹாலில். கேபிள் இழுத்துக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு, "சுவத்துல ஓட்டை போட்டீங்கன்னா அடுத்த மாசமே காலி பண்ணிடுங்க" என்று முடித்துவிட்டார். ஆக, வயர்லெஸ்தான்.

எட்டு மாசம் முன்னால் ஒரு டோர்னமென்ட். அரையிறுதி. அதில் அக்கா மூன்று முறை நடுவழியில் அப்படியே நின்றாள். எதிரி வந்து, பார்த்து, நிதானமாகச் சுட்டுவிட்டுப் போனான். அணி தோற்றது. "நான் நகர்ந்தேனே! என் ஸ்க்ரீன்ல நகர்ந்தேன், சுட்டேன்கூட" என்றாள் அக்கா. பதிவைப் போட்டுப் பார்த்தால் அசையாமல்தான் நிற்கிறாள்.

அப்போது கேப்டன் செய்த காரியம் இருக்கிறதே. விளையாடுகிறவர்கள் இருநூறு பேர் இருக்கிற செல்போன் குழுவில் குரல் செய்தி போட்டான். அதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "நெட்டு போச்சு, கிட்டு போச்சுன்னு யாரும் கதை கேக்காதீங்க. அது பயம். அவளுக்குக் கை நடுங்கும். கூட வாழ்ந்தவன், எனக்குத் தெரியாதா?" அவ்வளவுதான். அன்று மாலையே அவளை அணியிலிருந்து தூக்கினான். மறுநாள் எவனோ ஒரு சிலையின் படத்தைப் போட்டான், பெயர் ஒட்டிக்கொண்டது. சிலை. அக்கா எந்த ஆட்டத்தில் நுழைந்தாலும், "சிலை வந்தாச்சு, காக்கா எங்கடா?" என்று எழுதுவார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு வந்து அவளைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் குத்துவார்கள். துப்பாக்கி வீணாம் அவளுக்கு.

இதெல்லாம் விளையாட்டுதானே என்று நானும் விட்டிருப்பேன். லேப் நடத்துகிற அம்மா ஒருநாள் எனக்கு ஃபோன் செய்தார். "உங்க அக்காவுக்கு உடம்புக்கு ஏதாவது முடியலையாம்மா? முன்பல் வேண்டாம், கடைவாய்ப் பல்லா குடுங்கன்னு கேக்கறா. உள்ள இருக்கறது யாருக்கும் தெரியாது பாருங்கங்கறா. பதினாறு வருஷத்துல இப்படிக் கேட்டதே இல்ல."

அன்று மாலை அக்காவைக் கேட்டேன். அவள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள், "நடுங்குதோன்னு தோணுதுடி. பாத்தா நடுங்கல. தூரிகையை எடுத்தா, இப்ப நடுங்கப்போகுதுன்னு தோணுது."

அவனை நாசமாக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

முதலில் நெட்டைச் சோதித்தேன். திரையில் கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஒரு கட்டளை கொடுத்தால், நொடிக்கு ஒருமுறை நெட் வழியாக வெளியே ஆள் அனுப்புகிற மாதிரி அனுப்பி, திரும்பி வந்தானா இல்லையா என்று வரி வரியாகச் சொல்லும். என் செல்போனில் ஐந்து நிமிஷமும் ஒருவன்கூடக் காணாமல் போகவில்லை. அதே மேஜையில், அதே நேரத்தில், அக்காவின் லேப்டாப்பில் முப்பத்தொரு பேர் போனவர்கள் போனவர்கள்தான். வீட்டுக்காரர் நெட்டில் குறையில்லை, லேப்டாப்புக்குள் இருக்கிற வயர்லெஸ் கார்டுதான் சரியில்லை.

"பாத்தியா! உன் கை இல்ல, கார்டு!" என்று குதித்தேன்.

அக்கா குதிக்கவில்லை. "இன்னிக்கு விட்டுப்போகுது. அன்னிக்கும் இதனாலதான்னு என்ன நிச்சயம்?" என்றாள். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு பழி வாங்குவது லேசான வேலையா, சொல்லுங்கள்.

இருந்தாலும் கார்டை மாற்றச் சம்மதித்தாள். பட்ஜெட் அவள் சொன்னது: "ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கற காசு. அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது." வெளியே சொருகுகிற குச்சி ஒன்று அந்தக் காசில் பாதிக்கே கிடைத்தது. அதை மௌஸ் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் சொருகினால் முழங்கை இடித்து ஆடும், சூடாகும், நடு ஆட்டத்தில் கழன்றால் மறுபடி சிலைதான். அது வேண்டாம். ஏழாம் தலைமுறை கார்டு என்று ஒன்று, பெயரிலேயே பாதி விலை இருந்தது. வீட்டுக்காரர் பெட்டியோ ஐந்தாம் தலைமுறை. அவர் பெட்டி பேசுகிற வேகத்துக்கு மேல் நம் கார்டு பேசி யார் கேட்கப்போகிறார்கள்? அதுவும் வேண்டாம். நடுவில் ஆறாம் தலைமுறை, சொன்ன காசுக்குள் வந்தது. இரண்டு ஆன்டெனா, உள்ளே மாட்டுவது, நல்ல பெயர். அக்கா ஒரு துண்டுக் காகிதத்தில் மாடல் எண்ணை எழுதிக் கொடுத்தாள். கடைசி மூன்று எண் இருநூற்றுப் பத்து.

கடைக்குப் போனது நான். தப்பு அங்கேதான் நடந்தது, செய்தவளும் நான்தான், மறைக்கவில்லை. ஸ்பேர்ஸ் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று இருநூற்றுப் பத்து. இன்னொன்று இருநூற்றுப் பதினொன்று. பதினொன்றுதான் விலை குறைவு.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"ஒரே கம்பெனி, ஒரே வேகம். அது புதுசு. எல்லா லேப்டாப்புக்கும் போகும்மா."

ஒன்று கூட இருக்கிறது, விலையும் குறைகிறது, இதைவிட வேறு என்ன வேண்டும்? வெற்றி வீராங்கனை மாதிரி பதினொன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டாள். லேபிலிருந்து இடுக்கியும் பூதக்கண்ணாடியும் கொண்டுவந்திருந்தாள். பின்மூடியின் திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள், முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைக் கழற்றினாள். கார்டு ஒரு தபால்தலை அளவுதான் இருந்தது. அதற்கு வருகிற ஆன்டெனா ஒயர் இரண்டு, ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. நுனியில் கடுகளவு ஒரு பொத்தான், அதுதான் கார்டில் அழுந்தி உட்கார வேண்டும்.

கறுப்பு ஒயர் பழைய கார்டில் மாட்டியிருந்தது. வெள்ளை ஒயர் எதிலும் மாட்டாமல் ஓரமாகச் சுருட்டிக் கிடந்தது. பழைய கார்டில் ஒரு ஒயருக்குத்தான் இடமே இருந்தது.

"ரெண்டு ஒயர் இருக்கற லேப்டாப்புல ஒரு ஒயர் கார்டு எப்படி வந்துச்சு?" என்றாள் அக்கா.

வெள்ளை ஒயரின் நுனியில் எதிலும் உரசாமல் இருக்க ஏதோ ஒட்டியிருந்தது. அக்கா இடுக்கியால் பிரித்துப் பூதக்கண்ணாடியின் கீழே பிடித்தாள். ஒரு ஸ்டிக்கர் துண்டு. அவன் ஷோரூமில் ஒவ்வொரு டைல்ஸின் பின்பக்கமும் ஒட்டுகிற விலை ஸ்டிக்கர். கடைப் பெயரின் பாதி எழுத்து பச்சை மையில் தெளிவாகத் தெரிந்தது.

சர்வீஸ் பண்ணிக் கொடுத்தானாம், சர்வீஸ். தன் லேப்டாப்பில் கார்டு கெட்டுப்போயிருக்கும், இதிலிருந்த நல்ல கார்டைக் கழற்றித் தன்னுடையதற்கு வைத்துக்கொண்டு, தெருவில் கிடைக்கிற மட்டக் கார்டு ஒன்றை இதில் மாட்டிக் கொடுத்திருக்கிறான். கொடுத்தவனே, நெட்டு என்று கதை கேட்காதீர்கள், கை நடுங்கும் என்று இருநூறு பேரிடம் சொல்லியிருக்கிறான். நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். என் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது.

அக்கா ஸ்டிக்கரை உருட்டிக் குப்பையில் போட்டாள். "அடுத்த டோர்னமென்ட் எப்போ?" என்று கேட்டாள். பதினாறு வருஷமாகப் பல் செய்கிற என் அக்கா அன்றைக்குத்தான் பல்லைக் கடித்து நான் பார்த்தேன்.

அந்த வேகத்தில் புது கார்டை மாட்டினாள். கறுப்பு ஒயர் டிக் என்றது. வெள்ளை ஒயர் டிக் என்றது. பேட்டரியைச் சேர்த்து, மூடி, திருகி, பொத்தானை அழுத்தினால், லேப்டாப் தன்னிடம் வயர்லெஸ் கார்டே இல்லை என்கிறது! மறுபடி கழற்றினாள், மறுபடி மாட்டினாள். இல்லவே இல்லை.

அக்கா கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் என்ன எழுதிக் குடுத்தேன்?"

"பத்து. இது பதினொண்ணு. புதுசு."

"பதினொண்ணு பாதிக் கார்டுடி! மீதிப் பாதி பிராசஸருக்குள்ள இருக்கும், அதுவும் அதே கம்பெனி பிராசஸரா இருந்தாத்தான். நம்மளது வேற கம்பெனி. இது இடத்துல உக்காரும், ஒயர் மாட்டும், உயிர் வராது."

பொருத்தம் பார்க்காமல் மாட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அக்காவின் கல்யாணத்தில் பார்த்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. இதை நான் வாய்விட்டே சொன்னேன். அக்கா சிரித்துவிட்டாள். ஆறு மாசத்தில் முதல் சிரிப்பு.

மறுநாள் கடைக்காரர், திருகாணித் தடம் விழுந்துவிட்டது, திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். கடையில் நாலு பேர் நின்றார்கள். அக்கா குரலை உயர்த்தவேயில்லை. லேப்டாப்பைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள். "எல்லா லேப்டாப்புக்கும் போகும்னு சொன்னீங்களாமே. இதுல நீங்களே மாட்டிக் காட்டுங்க. வேலை செஞ்சா இன்னும் ரெண்டு வாங்கிக்கறேன்." நாலு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவர் லேப்டாப்பைப் பார்த்தார், பிராசஸர் ஸ்டிக்கரைப் பார்த்தார், பத்தை எடுத்து நீட்டினார். விலை வித்தியாசத்தைக்கூடக் கேட்கவில்லை.

பத்து மாட்டிய அன்று கறுப்பு ஜன்னலை ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். ஒரே ஒருவன்கூடக் காணாமல் போகவில்லை. அந்த ஒரு மணி நேரமும் நான் டீவி பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா புது அணி சேர்த்தாள். மற்றவர்கள் கழித்துவிட்ட நாலு பேர்: ஒரு நர்ஸ், ஒரு ஸ்கூல் பஸ் டிரைவர், ஒரே வீட்டு அண்ணன் தங்கை இருவர். ஆறு வாரம் பழகினார்கள். கார்டு மாற்றியதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். பழகுகிற ஆட்டங்களில் அவ்வப்போது வேண்டுமென்றே அசையாமல் நிற்பாள். "சிலை இன்னும் உயிரோடதான் இருக்கு" என்று அவர்கள் எழுதுவார்கள். அக்கா பதிலே எழுத மாட்டாள். எனக்குத்தான் விரல் துடிக்கும்.

டோர்னமென்ட்டின் காலிறுதியில் கேப்டன் அணி எங்களுக்கு எதிரே வந்தது. ஞாயிறு மதியம் மூன்று மணி. அவரவர் வீட்டிலிருந்து ஆட்டம், நேரடி ஒளிபரப்பு, நானூறு பேர் பார்க்கிறார்கள். நான் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆளுக்குப் பன்னிரண்டு சுற்று என்று சமம். கடைசிச் சுற்று. இந்தப் பக்கம் நாலு பேரும் காலி, அந்தப் பக்கமும் நாலு பேர் காலி. மீதி அக்காவும் கேப்டனும்.

அக்கா ஒளிந்திருந்த இடத்திலிருந்து வெளியே வந்து, நடுமுற்றத்தில் நின்றாள். அப்படியே நின்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. திரையின் மூலையைப் பார்த்தேன். இணைப்பின் தாமதத்தைக் காட்டும் எண் பதினெட்டில் ஆடாமல் நிற்கிறது. "அக்கா, நகரு! நகருக்கா!"

"சும்மா இரு."

கேப்டன் எதிர்ச் சுவரோரம் தலை நீட்டினான். அங்கிருந்தே ஒரு குண்டு போதும், ஆட்டம் முடிந்தது. சுட்டிருந்தால் ஜெயித்திருப்பான். ஆனால் நானூறு பேர் பார்க்கிறார்களே! அவளைச் சும்மா சுட்டால் அவனுக்கு எப்படிப் போதும்? துப்பாக்கியை முதுகில் போட்டான், கத்தியை எடுத்தான், நடந்து வந்தான். அக்காவின் முகத்துக்கு எதிரே நின்று இடமும் வலமுமாகக் குதித்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொரு சுற்று. மௌஸின் மேல் இருந்த அக்காவின் விரலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை, நடுங்கவும் இல்லை. மூன்றாவது சுற்றில் அவன் மறுபடி முகத்துக்கு நேரே வந்தான்.

ஒரே குண்டு.

நான் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர் இரண்டாவது முறை படியேறி வந்தார்.

பழி தீர்த்துக்கொண்டால் மனசு வெறுமையாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் யாரும் பழி தீர்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். எனக்கு அன்று வயிறு நிறைந்து, தூக்கம் சொக்கியது. அக்கா மட்டும் ஜெயித்த பிறகும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு நடுங்கல" என்றாள். இன்னிக்கு என்ற அந்த ஒரு சொல் எனக்குப் பிடிக்கவில்லை.

மூக்குடைந்தவன் சும்மா இருப்பானா? அன்று மாலையே குழுவில் குதித்தான். "இது ஏமாத்து வேலை. வேணும்னே நெட்டை நிறுத்தி நிறுத்தி விடறா. இவ எப்பவுமே இப்படித்தான். நடத்தறவங்ககிட்ட புகார் குடுத்திருக்கேன். இந்த மேட்ச் ரெக்கார்ட மட்டும் இல்ல, போன டோர்னமென்ட் அரையிறுதி ரெக்கார்டையும் எடுத்துப் பாருங்க. எல்லாரும் பாக்கற மாதிரி இங்கயே போடுங்க!" எட்டு மாசம் முன்னால் பயம் என்று சொன்ன அதே வாய். கோபத்தில் அதை மறந்துபோனான்.

மூன்றாம் நாள் நடத்துகிறவர்களின் பதில் குழுவில் வந்தது. அக்கா லேபிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ படி. எனக்குக் கண்ணு ஓடல" என்று ஃபோனை என்னிடம் கொடுத்தாள். படித்தேன்.

"காலிறுதி: வீராங்கனையின் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. விதிமீறல் இல்லை. முடிவு செல்லும். புகார்தாரர் கேட்டுக்கொண்டபடி முந்தைய அரையிறுதியும் சரிபார்க்கப்பட்டது. அதில் இணைப்பு பதினேழு முறை தானாக அறுந்திருக்கிறது. புகாரில் சொல்லப்படும் மூன்று தருணங்களிலும் அவர் சரியான நேரத்தில், சரியான குறியில் சுட்டிருக்கிறார். அந்தக் கட்டளைகள்தான் எங்களுக்குத் தாமதமாக வந்து சேர்ந்திருக்கின்றன."

"கடைசி வரிக்கு முந்தின வரி" என்றாள் அக்கா.

படித்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை படிக்கும்போது அவள் கதவருகிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "சரியாத்தான் சுட்டிருக்கேன்டி. எட்டு மாசமா அவன் சொன்னதை நானே நம்பிட்டேனே" என்று அழுதாள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, அவனுக்கு எழுத வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் முத்து. விரலை வைக்கப் போகும்போது அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டாள். எட்டு மாசமாக அந்தக் குழுவில் ஒரு சொல் எழுதாதவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே வரி எழுதினாள்.

"கேப்டன், புகார் குடுத்ததுக்கு ரொம்ப நன்றி."

இருநூறு பேர் இருக்கிற குழு. முதலில் பஸ் டிரைவர் சிரிக்கிற பொம்மை போட்டார். பிறகு நர்ஸ். பிறகு, காக்கா எங்கே என்று கேட்டவர்களே வரிசையாகச் சிரித்தார்கள். ஐந்து நிமிஷத்தில் கேப்டன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார் என்று ஒரு சின்னச் சாம்பல் வரி வந்தது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஃபோனை மறுபடி என்னிடம் நீட்டினாள்.

"இதையும் ஒருதடவை சத்தமா படி."